போச்சு, பேசவில்லை, பேசவில்லையாம்

இன்றைய கார் ஒன்று திடீரென ஸ்டார்ட் ஆக மறுக்கும்போது மெக்கானிக் தம் ஸ்கேனரைச் செருகிப் பார்க்கிறார். சில வேளைகளில் திரையில் ‘யு 0100’ என்ற குறியீடு தோன்றுகிறது. எஞ்சினை ஆளும் கணினியுடன் தொடர்பு இழக்கப்பட்டது என்பதே பன்னாட்டுத் தரநிலை அதற்குத் தரும் பொருள். ஷெட்டின் பேச்சுமொழியில் அது பெரும்பாலும் இரண்டு சொற்களாகச் சுருங்கிவிடுகிறது: ‘ஈசிஎம் போச்சு’. சித்தூரிலும் திருப்பதியிலும் அதே தீர்ப்பு தெலுங்கில் ‘ஈசிஎம் போயிந்தி’ என்று வழங்கும். மொழி மாறினாலும் வினை மாறுவதில்லை. வாடிக்கையாளர் கொடுக்கவேண்டிய தொகையும் குறைவதில்லை. எஞ்சின் கணினி காரின் விலைமிக்க உறுப்புகளுள் ஒன்று. அதனை மாற்றிய பின்னரும் கார் அசையாமல் நிற்பது வாகனப் பழுதுத் தொழிலில் அரிதான செய்தியன்று.

இந்த வீண்செலவுக்கு மெக்கானிக்கின் அறியாமையையோ பேராசையையோ காரணம் காட்டுவது எளிது. சிக்கலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. குறியீடு ஒரு கூற்று. அதனை யார் கூறினார், எதனைக் கண்டு கூறினார், எதனைக் காணாமல் கூறினார் என்று வினவாமல் பொருள் கொள்ளும்போதுதான் முதல் பிழை நிகழ்கிறது. அப்பிழையைத் தவிர்க்கத் தேவையான கருவிகளுள் மல்டிமீட்டர் ஒன்று. தமிழும் தெலுங்கும் தம் இலக்கணத்திலேயே வைத்திருக்கும் ஒரு சிறிய இடைச்சொல் மற்றொன்று. இவ்விரண்டையும் பயன்படுத்துவதற்குரிய நேரமும் கூலியும் தகவலும் ஷெட்டுக்குக் கிடைக்காதிருப்பதே உண்மையான பழுது.

முதலில் கணினிகள் எவ்வாறு உரையாடுகின்றன என்பதைப் பார்க்கவேண்டும். ஒரு காரில் எஞ்சின், பிரேக், ஏர்பேக், ஸ்டீயரிங், மீட்டர் பலகை எனப் பலவற்றுக்கும் தனித்தனிக் கணினிகள் உள்ளன. ஒவ்வொரு செய்திக்கும் தனி வயர் இழுத்தால் வயரிங் கிட்டின் எடையும் விலையும் கட்டுக்கடங்காமல் பெருகும். இதற்குத் தீர்வாக ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983இல் ஆய்வைத் தொடங்கி, 1986இல் டெட்ராய்ட் மாநாட்டில் ‘கேன்’ என்னும் பொதுத் தடத்தை அறிமுகம் செய்தது. ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட இரண்டு வயர்கள். அவற்றில் எல்லாக் கணினிகளும் இணைந்திருக்கும். பேச்சு இல்லாதபோது இரு வயர்களிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட் நிற்கும். பேச்சு எழும்போது ஒன்று 3.5 வோல்ட்டுக்கு உயரும், மற்றொன்று 1.5 வோல்ட்டுக்குத் தாழும். இந்த வேறுபாடே செய்தி. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு வயர்களையும் ஒரே அளவில் தாக்குவதால் வேறுபாடு குலைவதில்லை. முறுக்கின் பயன் அதுவே.

இத்தடத்தில் செல்லும் செய்திக்கு முகவரி கிடையாது. எஞ்சின் கணினி ‘பிரேக் கணினியே, கேள்’ என்று விளித்துப் பேசுவதில்லை. எஞ்சின் வேகம் இவ்வளவு என்று பொதுவில் அறிவித்துவிட்டு, நொடியில் ஒரு சிறு பங்கு கழிந்ததும் மீண்டும் அறிவிக்கிறது. தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ளலாம். தண்டோரா போட்ட ஊர்களின் முறை இது. இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் எண்ணால் முந்திய செய்திக்கு மற்றது வழிவிட்டுப் பின்னர்ப் பேசும். ஒரு கணினி தன் பேச்சில் தொடர்ந்து பிழை நேர்வதைக் கண்டால், பிழைக் கணக்கு 255ஐக் கடந்ததும், தடத்திலிருந்து தானே விலகி வாய் மூடிக்கொள்ளும். ஒருவர் உளறலால் சபை முழுவதும் குலையக்கூடாது என்னும் ஒழுங்கு அது.

இப்பின்னணியில் ‘யு 0100’ எங்கே பதிவாகிறது என்று பார்த்தால் ஓர் உண்மை வெளிப்படும். அது பதிவாவது எஞ்சின் கணினியில் அன்று. எஞ்சின் கணினியின் அறிவிப்புக்குக் காத்திருந்த பிரேக் கணினியிலோ மீட்டர் பலகையிலோ பிற கணினியிலோதான். குறித்த நேரத்துக்குள் அறிவிப்பு வந்து சேராததால் காத்திருந்தவர் எழுதிவைத்த குறிப்பு அது. ‘எனக்குக் கேட்கவில்லை’ என்பதே சாட்சியத்தின் முழு அளவு. பேசவேண்டியவர் இறந்துவிட்டாரா, உறங்குகிறாரா, பேசியும் வழியில் குரல் அறுந்ததா, கேட்டவரின் செவியே பழுதா என்பவற்றுள் எதனையும் அது கூறவில்லை. ‘எனக்குக் கேட்கவில்லை’ என்ற சாட்சியம் ‘அவர் பேசவில்லை’ என்ற செய்தியாகி, ‘அவர் போய்விட்டார்’ என்ற தீர்ப்பாக முடிவதற்குள் இரண்டு தாவல்கள் நிகழ்ந்துவிடுகின்றன. இரண்டுக்கும் சான்று இல்லை.

இங்கேதான் மொழியியல் உதவிக்கு வருகிறது. தாம் நேரில் அறியாத செய்தியைக் கூறும்போது தமிழர் ‘ஆம்’ சேர்ப்பர்: ‘வந்தானாம்’, ‘மழை பெய்ததாம்’. தெலுங்கர் அவ்விடத்தில் ‘அட’ சேர்ப்பர்: ‘வச்சாடட’. கூற்றின் பொறுப்பைக் கூறியவரிடமே விட்டுவைக்கும் இடைச்சொற்கள் இவை. அறிவின் மூலத்தைக் காட்டும் இத்தகைய உருபுகளை மொழியியலார் சான்றுநிலை என்னும் தலைப்பில் ஆராய்கின்றனர். ஸ்கேனர் காட்டும் குறியீடு இயல்பிலேயே ஓர் ‘ஆம்’ வாக்கியம். அதன் நேர்மையான மொழிபெயர்ப்பு ‘எஞ்சின் கணினி பேசவில்லையாம், பிரேக் கணினி சொல்கிறது’ என்பதாகும். தெலுங்கில் ‘மாட்லாடலேதட’. ஆங்கில விளக்கத்தில் சொன்னவரும் இல்லை, சான்றின் தன்மையும் இல்லை. பெயர்ச்சொல் தொடர் ஒன்று மட்டும் நிற்கிறது. ஆங்கிலம் மறைத்ததைச் சித்தூரின் இரு மொழிகளும் ஒரே அசையில் மீட்டுத்தர வல்லவை. ‘போச்சு’ என்ற சொல்லோ அந்த வாய்ப்பை அடைத்துவிடுகிறது.

‘ஆம்’ சேர்த்து வாசித்தவர் அடுத்துச் செய்யவேண்டியது சாட்சிகளை விசாரிப்பது. நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பின்பற்றும் வரிசை, நீதிமன்ற விசாரணையை ஒத்த தெளிவு உடையது. முதல் வினா: எத்தனை கணினிகள் ஸ்கேனருக்கு மறுமொழி தருகின்றன? ஒன்றுமே பேசாவிட்டால் ஐயம் பொதுத் தடத்தின் மீதோ ஸ்கேனரைச் செருகும் சாக்கெட்டின் மீதோ செல்லும். பிற அனைத்தும் பேசி, எஞ்சின் கணினி ஒன்று மட்டும் மௌனம் காத்தால், அதற்கு உணவு கிடைக்கிறதா என்று பார்க்கவேண்டும். பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டவேண்டும். செல்ஃப் மோட்டார் சுழலும்போது அது மிகத் தாழ்ந்தால் கணினிகள் ஒவ்வொன்றாக மயங்கி, ஒன்றையொன்று குறைகூறும் குறியீடுகளைப் பதிவுசெய்யும். வலுவிழந்த பேட்டரி ஒன்று பத்துப் பொய்ச்சாட்சிகளை உருவாக்கிவிடும்.

அடுத்தது ஃபியூஸ், மெயின் ரிலே, எர்த். எஞ்சின் கணினியின் கப்ளரில் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டரால் மட்டும் பார்ப்பது போதாது. நூல் அளவு இழையில் தொங்கும் வயரும் சுமையில்லாதபோது 12 வோல்ட்டைக் காட்டும். மின்சாரம் இழுக்கும்போது கைவிட்டுவிடும். ஆகவே சிறு பல்பு ஒன்றைச் சுமையாக இணைத்து, அது முழு ஒளியுடன் எரிகிறதா என்று பார்ப்பது ஷெட்டுகள் நெடுங்காலமாகக் கையாளும் முறை. எர்த் வயரில் மின்னழுத்த இழப்பு ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் துருவையோ தளர்ந்த போல்ட்டையோ தேடவேண்டும். இன்னொன்றையும் மறக்கலாகாது. பல கார்களில் எஞ்சின் கணினியே சென்சார்களுக்கு 5 வோல்ட் வழங்குகிறது. ஒரு சென்சாரோ அதன் வயரோ உள்ளுக்குள் ஷார்ட் ஆனால், சில கார்களில் கணினியே செயலிழந்ததுபோல் கிடக்கும். அந்தச் சென்சாரின் கப்ளரைக் கழற்றிய நொடியில் கணினி பேசத் தொடங்கும்.

உணவு சரியென்றால் அடுத்துத் தடம். சாவியை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, சாக்கெட்டின் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் இடையே மின்தடையை அளக்கவேண்டும். கேன் தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் தடையம் ஒவ்வொன்று உள்ளது. இரண்டும் இணையாக நிற்பதால் மீட்டர் 60 ஓம் அளவில் காட்டவேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பல கார்களில் அம்முனை எஞ்சின் கணினிக்குள்ளேயே இருப்பதால், அதற்குச் செல்லும் வழியை முதலில் ஐயுறலாம். சுழியை நெருங்கினால் இரு வயர்களும் எங்கோ ஒட்டிக்கொண்டுள்ளன. அப்போது கணினிகளின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதனைக் கழற்றியதும் அளவு சீராகிறது என்று பார்க்கவேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் சாக்கெட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையே கேட்வே என்னும் வாயிற்காவலர் கணினி இருக்கும். அங்கே சாக்கெட்டில் எடுத்த அளவு வாயில்வரை மட்டுமே செல்லுபடியாகும். உள்ளே உள்ள தடத்தைத் தனியாக அளக்க அந்தக் காரின் வயரிங் படம் இன்றியமையாதது.

ரோமன் யாகப்சன் 1960இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் மொழியின் ஆறு பயன்பாடுகளைப் பகுத்தார். அவற்றுள் ஒன்று செய்தி எதனையும் சொல்லாமல், தடம் திறந்திருக்கிறதா என்று மட்டும் சோதிப்பது. தொலைபேசியில் ‘ஹலோ, கேட்கிறதா?’ என்பது அதற்கு எடுத்துக்காட்டு. 60 ஓம் சோதனை அந்த ‘ஹலோ’வின் மின்வடிவம். ‘கேட்கிறதா?’ என்று வினவாமலே எதிர்முனையில் இருப்பவருக்கு இரங்கற்பா எழுதுபவர் எவருமில்லை. காரின் விஷயத்தில் மட்டும் அது நாள்தோறும் நிகழ்கிறது.

கண்டறிந்த பின் திருத்தம் பெரும்பாலும் எளிது. பச்சைப் பூத்த கப்ளர் பின்னைத் துலக்குதல், எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்குதல், ரிலே மாற்றுதல், அறுந்த வயரை ஒட்டவைத்து வெப்பச் சுருக்குக் குழாய் போடுதல். கேன் வயரை இணைக்கும்போது பழைய முறுக்கைக் கூடியமட்டும் காக்கவேண்டும். முறுக்கவிழ்ந்த நீளம் மிகுந்தால் இரைச்சல் நுழையும். பின்னர்க் குறியீடுகளை அழித்து, வயரிங் கிட்டை அசைத்துப் பார்த்து, சாலையில் ஓட்டி, குறியீடு திரும்பவில்லை என்று உறுதிசெய்யவேண்டும். இவை அனைத்தையும் கடந்தும் மௌனம் நீடித்தால் மட்டுமே கணினி உண்மையில் பழுது என்ற முடிவுக்கு இடமுண்டு. கணினிகள் பழுதாவதே இல்லை என்று எவரும் வாதிடமாட்டார். அம்முடிவு விசாரணையின் இறுதியில் வரவேண்டும் என்பதே வாதம்.

இந்த வாதம் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் கூடுதல் அழுத்தம் பெறக் காரணங்கள் உண்டு. சென்னை, வேலூர், பெங்களூரு ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் திருமலைக்குக் கார்கள் வந்தவண்ணம் உள்ளன. 1944இல் முதல் மலைப்பாதை திறக்கப்பட்ட நாளிலிருந்து அந்த ஏற்றம் எஞ்சின்களைச் சோதித்துவருகிறது. பழக்கமான சர்வீஸ் சென்டரிலிருந்து நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு குடும்பத்தின் கார் நின்றுவிட்டால், அதனை ஏற்பது சித்தூர் நெடுஞ்சாலையிலோ சந்திரகிரியிலோ உள்ள ஏதேனும் ஒரு ஷெட். அங்கு வரும் கார் எந்த நிறுவனத்தினதாகவும் இருக்கலாம்; சாவியை நீட்டுபவர் தமிழோ தெலுங்கோ கன்னடமோ பேசலாம். அந்த ஷெட்டின் நோயறியும் திறன் உள்ளூர்ச் சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

இயற்கையும் தன் பங்கைச் செய்கிறது. 2021 நவம்பர் மழையில் திருப்பதியின் தெருக்கள் ஆறுகளாயின. வாகனங்கள் நீரில் மூழ்கின. நீர் வடிந்த அன்றே தெரியும் பழுதைவிட, கப்ளருக்குள் தங்கிய ஈரம் மாதங்கள் கழித்துப் பூக்கவைக்கும் பச்சைத் துரு ஏமாற்றுவது. சித்தூர்ப் பகுதியின் மாந்தோப்புகளிலும் களங்களிலும் நிறுத்தப்படும் வண்டிகளுக்கு வேறொரு பகை: எலி. பானெட்டுக்குள் புகும் எலி வயரின் உறையைக் கொறித்தால், முறுக்கிய இரு வயர்களுள் ஒன்று அறுபடும், அல்லது இரண்டும் ஒட்டும். ஈரமும் எலியும் எஞ்சின் கணினியின் உள்ளே செல்வதைக் காட்டிலும் வயரையும் கப்ளரையும் தாக்குவதே எளிது. இத்தகைய வட்டாரத்தில் ‘போச்சு’ என்ற அவசரத் தீர்ப்பு தவறாகும் வாய்ப்பு மிகுதி.

முரண் ஒன்றும் உண்டு. வாகனத் தொழில் இந்த மண்ணுக்கு அந்நியமன்று. ரேணிகுண்டாவை அடுத்த கரகம்பாடியில் அமர ராஜா நிறுவனம் பேட்டரி செய்கிறது. ஸ்ரீசிட்டியில் இசுசு ஆலை 2016 முதல் வண்டிகளை உருவாக்குகிறது. 2015இல் தொடங்கப்பட்ட ஐஐடி திருப்பதி அருகில் இருக்கிறது. பேட்டரி பிறக்கும் இடத்தில், வண்டி பிறக்கும் இடத்தில், அவற்றின் உரையாடல் அறுந்தால் எங்கே அறுந்தது என்று காட்டும் வயரிங் படம் மட்டும் சாலையோர ஷெட்டுக்கு எட்டாக்கனியாக இருப்பது விந்தை.

அந்தப் படம் ஏன் எட்டவில்லை என்பது நாடறிந்த வழக்கு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும், நோயறி கருவிகளையும், தொழில்நுட்பக் கையேடுகளையும் சார்பற்ற ஷெட்டுகளுக்குக் கிடைக்காமல் தடுத்தது போட்டிக்கு எதிரானது என்பதே தீர்ப்பின் சாரம். பின்னர் மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு அமைத்தது. அதன் வரம்பில் வாகனங்களும் இடம்பெற்றன. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கான இணையவாயில் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இலேயே வாகனப் பழுது உரிமைக்குச் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டின் விதியால் பழுதுபார்ப்புத் தகவலைச் சார்பற்ற தொழிலாளருக்கும் அளிக்கவேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் ஓபிடி இரண்டாம் கட்டம் நடைமுறைக்கு வந்ததால் கார்களில் பொதுவான சாக்கெட்டும் பொதுவான குறியீடும் உறுதியாயின. வாசல் பொதுவானது. வாசலுக்குப் பின்னுள்ள வீட்டின் வரைபடம் பொதுவாகவில்லை.

நிறுவனங்களின் மறுப்பில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட இயலாது. 2015 ஜூலையில் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஜீப் ஒன்றைத் தொலைவிலிருந்தே இணையவழி ஆட்டிவைத்துக் காட்டினர். 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. கணினிக்குள் எவரும் எழுதலாம் என்றால் திருட்டுக்கும் விபத்துக்கும் கதவு திறக்கும் என்ற அச்சம் நியாயமானது. ஆயின் எழுதுவது வேறு, வாசிப்பது வேறு. எந்தப் பின்னில் எந்த வயர், எந்த எர்த் எங்கே இறுக்கப்பட்டுள்ளது, தடத்தின் முனைகள் எந்தக் கணினிகளில் உள்ளன என்னும் தகவல்கள் வாசிப்பதற்குரியவை. இவற்றை வெளியிடுவதால் சாவிக் குறியீடு எதுவும் களவுபோகாது. எழுதும் உரிமைக்குப் பூட்டுப் போடுவதற்குச் சொல்லும் காரணத்தை வாசிக்கும் உரிமைக்கும் நீட்டுவது பாதுகாப்பன்று, வணிகம்.

ஷெட்டின் பக்கத்து நியாயமும் சொல்லப்படவேண்டும். ‘போச்சு’ என்பது அறியாமையால் மட்டும் வரும் சொல்லன்று. கூலிமுறையும் அதனை வரவழைக்கிறது. பாகத்தை மாற்றினால் பில்லில் ஒரு வரி இருக்கும், வாடிக்கையாளர் கொடுப்பார். மூன்று மணிநேரம் படுத்தும் குனிந்தும் தேடி, எர்த் போல்ட் ஒன்றை இறுக்கிச் சரிசெய்தால், ‘போல்ட் இறுக்குவதற்கா இவ்வளவு?’ என்று கேட்பார். கண்டுபிடிப்பதற்குக் கூலி தராத சமூகம் மாற்றுவதற்கு இருமடங்கு தருகிறது. செலவைக் குறைக்கச் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கணினி வாங்கிப் பொருத்தும் வழியும் பலமுறை பயனளிப்பதில்லை. திருட்டுத் தடுப்பு அமைப்பு உள்ள கார்கள் வேறொரு காரின் கணினியைத் தம் சாவியோடு ஏற்க மறுக்கும். அப்போது முதல் பழுதோடு இரண்டாவது பழுதும் சேர்ந்துகொள்ளும்.

இனி மொழி. 1911இல் சென்னை மாகாணத்தில் உருவான சித்தூர் மாவட்டம் 1953இல் ஆந்திரத்துக்குச் சென்றது. 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. எல்லைக்கோடுகள் நகர்ந்தனவேயன்றி ஷெட்டின் பேச்சு இருமொழியாகவே நீடித்தது. எர்த், கப்ளர், ரிலே, ஷார்ட் என்னும் சொற்கள் இரு மொழிக்கும் பொது. அவற்றை வினையோடு பிணைக்கும் இலக்கணம் மட்டும் அவரவர் தாய்மொழியினது. கலைச்சொல்லாக்கம் என்றாலே பெயர்ச்சொற்களைத் தமிழாக்குவது என்று கருதும் கல்வியாளர்கள் இதனைக் கவனிக்கவேண்டும். ரிலேவுக்குத் தமிழ்ச்சொல் கிடைக்காததால் எந்தக் காரும் தவறாகப் பழுதுபார்க்கப்படவில்லை. ‘போச்சு’, ‘பேசவில்லை’, ‘பேசவில்லையாம்’ என்னும் வினைவேறுபாடு கற்பிக்கப்படாததால் பல கார்களுக்குத் தேவையற்ற கணினி மாட்டப்படுகிறது. தொழிற்கல்வித் தமிழுக்கு வேண்டியது பெயர்களின் பட்டியலைவிட, காரணமும் சான்றும் ஐயமும் துல்லியமாக வெளிப்படும் வாக்கியம்.

அதனைச் செய்வதற்குரிய நிறுவனங்கள் அருகிலேயே உள்ளன. சென்னை கிண்டியில் இயங்கும் நிமி என்னும் தேசியப் பயிற்று ஊடக நிறுவனம் ஐடிஐ மாணவருக்கான பாடநூல்களை இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. 1997இல் குப்பத்தில் தொடங்கப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் தென்னிந்திய மொழிகளை ஒருங்கே ஆராய்வதற்கென்றே பிறந்தது. திருப்பதியில் ஸ்ரீவேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954 முதல் இயங்குகிறது. ஷெட்டில் புழங்கும் தமிழ், தெலுங்கு நோயறி உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, ஐயம் எவ்வாறு தீர்ப்பாக உறைகிறது என்று ஆராய்ந்து, அதிலிருந்து இருமொழிப் பயிற்சிக் கையேடு ஒன்றை உருவாக்குவது முனைவர் பட்டத்துக்கு எவ்வகையிலும் தாழ்ந்த பொருளன்று. சான்றுநிலை பற்றிய கட்டுரைகள் கருத்தரங்கில் வாசிக்கப்பட்டு அடங்கிவிடுகின்றன. ஒரு கட்டுரையேனும் எண்ணெய்க் கறை படியும் இடத்துக்குச் செல்லட்டும்.

நடைமுறையில் மூன்று மாற்றங்கள் போதுமானவை. அரசு, வயரிங் படங்களையும் பின் அட்டவணைகளையும் நியாயமான கட்டணத்தில் எந்த ஷெட்டுக்கும் வழங்குமாறு கார் நிறுவனங்களைச் சட்டத்தால் பணிக்கவேண்டும். தொழில்துறை, கணினி மாற்றப்படும் ஒவ்வொரு பில்லிலும் மாற்றுவதற்கு முன் எடுத்த அளவுகளை எழுதுவதைக் கட்டாயமாக்கவேண்டும்: பேட்டரி வோல்ட், எர்த் இழப்பு, தடத்தின் ஓம். வாடிக்கையாளர், நோயறிதலுக்குத் தனிக்கூலி உண்டு என்பதை முன்கூட்டியே ஏற்கவேண்டும். புதிய கணினியின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

இம்மூன்றும் நிறைவேறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத நான்காவது வழி ஒன்று எல்லோர் நாவிலும் இருக்கிறது. ‘ஈசிஎம் போச்சு’ என்று கேட்டவுடன் பணப்பையைத் திறக்காமல் மூன்று வினாக்களை எழுப்பலாம். இதைச் சொன்னது எந்தக் கணினி? பல்பு போட்டு 12 வோல்ட்டும் எர்த்தும் பார்த்தாயிற்றா? ஆறுக்கும் பதினான்குக்கும் நடுவில் எத்தனை ஓம்? மூன்றுக்கும் விடை சொல்லும் மெக்கானிக் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம்.